வெளி டூட்டி

மண்ணூர் ஞானம்மாவின் எடை தொண்ணூற்றேழு கிலோ. இதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. ஒளிக்கிற சமாச்சாரமும் இல்லை. பதினோரு வருஷமாக ஒரகடம் பக்கத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் வேலை. காலை ஆறு மணிக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்தால் இரண்டரைக்கு எழுந்திருப்பாள், ஓ.டி. இருந்தால் ஆறரைக்கு. நடுவில் டீக்கும் சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் போய் வருவதுதான் நடை. கம்பெனி பஸ் தெருமுனையிலேயே ஏற்றித் தெருமுனையிலேயே இறக்கிவிடும். கேன்டீனில் சோறு மட்டும் அளவில்லாமல் போடுவார்கள். இதில் உடம்பு ஏறாமல் சம்பளமா ஏறும்?

அந்தக் கம்பெனியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொய்யாகத் தீப்பிடிக்கும். சைரன் ஊதியதும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு மாடியிலிருந்து இருபத்தெட்டுப் படி இறங்கி, இருநூறு மீட்டர் முற்றத்தைக் கடந்து, கேட் ஓரம் பச்சைப் பலகை நட்டிருக்கும் இடத்தில் லைன் லைனாக நிற்க வேண்டும். ஆளாளுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் கத்த வேண்டும். சூப்பர்வைசர் கையில் இருக்கிற லிஸ்டோடு நம்பர் ஒத்துப்போனால் அந்த லைன் தப்பித்துவிட்டது என்று அர்த்தம். சீக்கிரம் தப்பித்த லைனுக்கு ஒரு கோப்பை. மாக் டிரில் என்று பெயர். யாருக்கும் முன்கூட்டித் தெரியக் கூடாது என்பது சட்டம். ஆனால் முந்தின நாள் சாயங்காலமே பச்சைப் பலகைக்குக் கீழே தோட்டக்காரர் புதுசாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் எல்லோரும் சைரனுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு தைப்பார்கள்.

போன ஜூன் டிரில்லில் மூன்றாவது லைனில் நாற்பத்து மூன்று பேர் மூன்று நிமிஷத்தில் போய் நின்றுவிட்டார்கள். நாற்பத்து நாலாவதாக ஞானம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, முற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, சைரன் ஊதி ஆறு நிமிஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். கோப்பை ஐந்தாவது லைனுக்குப் போயிற்று. சூப்பர்வைசர் டில்லிபாபு பிளான்ட் ஹெட்டைப் பார்த்து, "இந்தக்காவ எறக்கணும்னா தனியா கிரேன் புக் பண்ணணும் சார்" என்றான். பிளான்ட் ஹெட் சிரித்தார். அவர் சிரித்ததால் முந்நூறு பேரும் சிரித்தார்கள்.

டில்லிபாபு அடுத்த தெருப் பையன்தான். டிரெய்னியாக வந்து சேர்ந்த வருஷம், கேன்டீன் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று ஞானம்மாவின் டப்பாவில்தான் பாதி நாள் சாப்பிட்டான். மீன்குழம்பு என்றால் இன்னொரு கரண்டி கேட்பான். தின்ற வாய்தான் கிரேன் என்றது.

செப்டம்பர் டிரில்லுக்குப் பத்து நிமிஷம் முன்னால் அவனே மிஷின் பக்கம் வந்தான்.

"யக்கா, மிஷின ஆஃப் பண்ணிட்டு அந்த வேஸ்ட்டு ரூம்புல போயி குந்து."

"இன்னாத்துக்குடா?"

"சொல்றேன் இல்ல? சைரன் அட்ச்சாலும் வராத. எல்லாம் முட்ச்சிக்கினு மேல வருவாங்க, அப்ப வந்து மிஷின்ல குந்திக்கோ. உனக்கும் காலுவலி மிச்சம், எனக்கும் கோப்ப."

வெட்டு மிச்சத் துணியும் ஃபோம் துண்டுகளும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிற மாடி அறை அது. உள்ளே ஏற்கெனவே கோமதிநாயகம் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். சங்கரன்கோவில்காரன், முப்பத்து நாலு வயது, நூற்றுப் பதினைந்து கிலோ. லைனுக்குத் துணிக்கட்டு எடுத்துக் கொடுக்கிற வேலையில், விட்டுப் போன ஒருத்தனுக்குப் பதிலாகச் சேர்ந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. வேறு யூனிட்டுக்கு வேலையாக அனுப்பப்பட்டவர்களை லிஸ்டில் 'வெளி டூட்டி' என்று எழுதுவார்கள். அவர்களை எண்ண வேண்டியதில்லை. டில்லிபாபு இரண்டு பேருக்கும் வெளி டூட்டி போட்டிருந்தான். ஜன்னல் வழியாக மைக் சத்தம் கேட்டது. "லைன் த்ரீ, நாப்பத்திரண்டுக்கு நாப்பத்திரண்டு!" கைதட்டல் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புருஷன் யேசுபாதம் தண்ணி லாரி ஓட்டுகிறவர். "சம்பளத்தோட தூக்கம். குட்துவச்சவ நீ" என்று அவரும் சிரித்தார். பத்தாவது படிக்கிற மகள் ஷெர்லின் சிரிக்கவில்லை.

"யம்மா, நெஜமா நெருப்பு புட்ச்சிருந்தா?"

"நெஜமா புட்ச்சா ஓடியாற மாட்டனா?"

"எங்க ஓடியார? ஆறு நிமிசம் ஆச்சுன்ன இல்ல? கீழ நாப்பத்திரண்டுக்கு நாப்பத்திரண்டு கரெக்ட்டுனு சொல்லிட்டாங்க. அப்பால உன்னத் தேடிக்கினு யாரு மேல வருவா? ஃபயர் சர்வீஸே வந்தாலும் உள்ள ஆளு இல்லனுதான சொல்லுவாங்க?"

ஞானம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கிரேன் என்றபோது அவமானமாக இருந்தது, அழுகை வந்தது, இரண்டு நாளில் போய்விட்டது. இது அப்படிப் போகவில்லை. டில்லிபாபு அவளை மறைத்தது மட்டும் இல்லை, காப்பாற்ற வேண்டியதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. உடம்பெல்லாம் எரிந்தது. அவனை அத்தனை பேர் முன்னாலும், அந்தக் கோப்பை கையில் இருக்கும்போதே, தலைகுனிய வைக்க வேண்டும் என்று அன்று முடிவு கட்டினாள்.

புகார் எழுதிப் போடலாம்தான். போட்டால், "மூட்டுவலிக்காரங்கனு பாவம் பாத்து உக்கார வெச்சேன் சார்" என்பான். அடுத்த மாதம் ஃபிட்னஸ் இல்லை என்று, கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற காண்டிராக்ட்காரன் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். மார்ச்சில் பாதுகாப்பு வாரம் வரும். உறை வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து பாதுகாப்பைச் சோதிக்கிற ஆடிட்டர்கள் வந்து முன்னால் நிற்பார்கள். மூன்று நிமிஷத்தில் எல்லோரும் சேர்ந்து, நாலாவது நிமிஷத்துக்குள் எண்ணி முடிப்பார்கள். எண்ணி முடிப்பதற்குள் போய் வரிசையில் நிற்க வேண்டும். லிஸ்டில் நாற்பத்திரண்டு, நிற்பது நாற்பத்து மூன்று. அப்புறம் அவன் வாயாலேயே அவன் பதில் சொல்லட்டும். அதற்கு ஞானம்மா ஆறு நிமிஷத்தை நாலாக்க வேண்டும். கையில் ஆறு மாதம் இருந்தது.

மறுநாளே சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் இறங்கினாள். வேறு ஷூ கிடையாது. முனையில் இரும்பு வைத்த கம்பெனி சேஃப்டி ஷூவையே புடவைக்குக் கீழே மாட்டிக்கொண்டாள். கரையோரம் வரிசையாகக் கரண்ட் கம்பம். மூன்றாவது கம்பத்துக்கு மேல் முடியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. தொடை இரண்டும் உரசிப் புண்ணாகி எரிந்தது. பைக்கில் போன வாடகை ரூம் பையன்கள், "யக்கோவ், பாத்து! கரை ஒடைஞ்சிரப் போவுது!" என்று கத்திக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவும்போது அழுதாள்.

"உனக்கு எதுக்கு இந்த வேல? இந்த வயசுல இன்னா ஓட்டப்பந்தயத்துக்கா போப்போற?" என்றார் யேசுபாதம்.

"நீ வாயப் பொத்திக்கினு இரு. மார்ச்சு வரைக்கும் என்னாண்ட எதுவும் பேசாத."

மனுஷர் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் தண்ணி லாரியை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னாலேயே கரையில் ஊர ஆரம்பித்தார், நாயும் பையன்களும் கிட்டே வராமல் இருக்கட்டும் என்று. முன்னால் சேஃப்டி ஷூ போட்ட ஞானம்மா, பின்னால் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர். மண்ணூரே வேடிக்கை பார்த்தது. அவள் திட்டிய திட்டில் மூன்றாம் நாள் லாரி நின்றது. ஆனால் அவர் அப்படிப் பின்னால் வந்தது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஷெர்லின் போனில் நேரம் பார்த்தாள். "யம்மா, நேத்து மூணாவது கம்பம், இன்னிக்கி நாலாவது" என்று மட்டும் சொல்வாள். நன்றாகச் செய்கிறாய், இளைத்துவிட்டாய் என்றெல்லாம் கதை விடமாட்டாள். அந்தப் பிள்ளைக்கு அந்த வயதிலேயே அது தெரிந்திருந்தது. கால் தூக்க மறுக்கும்போது ஞானம்மா ஒரு காலுக்கு 'டில்லி' என்றும் மறுகாலுக்கு 'பாபு' என்றும் மனசுக்குள் சொல்லி மிதித்தாள். ஒவ்வொரு மிதியும் அவன் மேலேயே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாஸ்டர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது கண்ணை மூடிக்கொண்டு, "மன்னிக்கிறேன் ஆண்டவரே, ஆனா மார்ச்சுக்கு அப்பால" என்று ஜெபம் பண்ணினாள்.

மூன்று மாதம் கழித்து மெடிக்கல் ஷாப் எடை மிஷினில் ஏறி நின்றால் தொண்ணூற்று நாலு. மூன்றே கிலோ! இதற்கா இந்தப் பாடு என்று அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. ஆனால் கம்பம் பதினெட்டாகியிருந்தது. படி இறங்கும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடவில்லை. இனி மார்ச் வரை அந்த மிஷின் பக்கமே போவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் டிரில்லிலும் வேஸ்ட் ரூம்தான். ஞானம்மா மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்தாள். கோமதிநாயகம் முறுக்குப் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினான். சைரன் ஊதியது.

"யக்கா, நீங்க நடக்கீங்களாம்லா? ரூம்ல பயலுவ சொன்னானுவ. நமக்கு எதுக்குக்கா அதெல்லாம்? இங்கன இருந்தா அரமணி நேரம் ரெஸ்ட்டு கெடைக்கி."

"கீழ இன்னா சொல்றான், காத குட்து கேளு."

மைக் கேட்டது. நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு.

"அப்ப நீயி, நானு யாரு? துணி மூட்டையா?"

"அது சும்மா ஒரு கணக்குக்குத்தானக்கா."

"சும்மாவா? சுத்திப் பாரு. இந்த ரூம்பு பூரா பஞ்சு, ஃபோமு. நெஜமா புட்ச்சா மொதல்ல புடிக்கிறது இதான். நாம உள்ள கீறோம். கீழ கரெக்ட்டுனு கை தட்டிக்கினு கீறானுங்க. உங்கம்மாவுக்கு போன் போட்டு இன்னா சொல்லுவானுங்க? உன் புள்ள வெளி டூட்டி போயிருக்கான்னா?"

கோமதிநாயகம் மெல்லுவதை நிறுத்திவிட்டான். சுற்றியிருந்த மூட்டைகளை இப்போதுதான் பார்க்கிறவன் போலப் பார்த்தான்.

"எங்கம்மா தாங்க மாட்டாக்கா" என்றான்.

"அப்ப சாய்ங்காலம் அஞ்சு மணிக்கு ஏரிக்கரைக்கு வா."

வந்தான். மூன்று நாள் வந்தான், நாலாம் நாள் வரவில்லை. ஞானம்மா அவன் ரூமுக்கே போய்க் கதவைத் தட்டினாள். ஐந்து பையன்கள் தங்கியிருந்த ரூம். கரை உடையும் என்று கத்தினவனும் அதில் ஒருத்தன்; அவளைக் கண்டதும் பாத்ரூமுக்குள் புகுந்துகொண்டான்.

"உடம்பு பூரா அடிச்சுப் போட்டாப்ல இருக்குக்கா. மூட்டு பொருமுது. நான் வரல. என்னைய விட்ருங்க."

"ரெண்டு நாளு வுட்டுட்டு வா. தெனம் வந்தாத்தான்னு நான் சொன்னனா? ஆனா வரணும்."

"என்னால உங்க கூட நடக்க முடியாதுக்கா."

"என் கூட யாரு நடக்கச் சொன்னது? பேசிக்கினே நட. பேச்சு வரலன்னா மெதுவாப் போ. கரையோட அந்தக் கடைசியப் பாக்காத, அடுத்த கம்பத்தப் பாரு. எவனாவது சிரிச்சா என்னாண்ட சொல்லு. தொடையில புண்ணு வரும், எண்ண தடவிக்கினு வா, வெக்கப்படாத. எனுக்கும் வந்துது."

கடைசி வார்த்தையைக் கேட்டுத்தான் அவன் எழுந்து சட்டையை மாட்டினான்.

ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் அவன் முன்னே பின்னே வந்துகொண்டுதான் இருந்தான். ஐந்து கம்பத்திலிருந்து பதினொன்றுக்கு வந்தான். ஞானம்மா முப்பது கம்பம் போய்த் திரும்பும்போது அவன் எதிரே வருவான். இரண்டு பேரும் சேர்ந்து திரும்புவார்கள். ஏரியில் தண்ணீர் குறைந்து, எருமைகள் நடுவரைக்கும் போய் மேய ஆரம்பித்திருந்தன.

"உங்களுக்கு மட்டும் எப்படிக்கா சலிக்கல?" என்று ஒருநாள் கேட்டான்.

"காலு தூக்க முடியலனு வையி, அவன் மூஞ்ச நெனப்பேன். தானாத் தூக்கும்."

"எனக்கு அவன்மேல அம்புட்டுக் கோவம் வரலியேக்கா."

"வராது. நீ நல்லவன். நீ உங்கம்மாவ நெனச்சிக்கினு நட. கோவத்த நான் பாத்துக்கறேன்."

மார்ச்சில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மறுநாள் கார் கம்பெனியிலிருந்து ஒரு ஆடிட்டர் அம்மாவும் ஒரு ஆணும் வந்து இறங்கினார்கள். பத்தரை மணிக்கு டில்லிபாபு விரலை அசைத்தான், பேசக்கூட இல்லை. இரண்டு பேரும் எழுந்து வேஸ்ட் ரூமுக்குப் போனார்கள். ஞானம்மா உட்காரவில்லை. புடவையை உயர்த்திச் செருகிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

சைரன் ஊதியது. எல்லோரும் இறங்கும் சத்தம் ஓயட்டும் என்று ஒரு இருபது எண்ணிவிட்டுக் கிளம்பினார்கள். படியில் ஆள் இல்லை. அவள் கைப்பிடியைத் தொடாமல் மடமடவென்று பத்துப் படி இறங்கிவிட்டாள். நேரம் தாராளமாக இருந்தது. பின்னால் தொப்பென்று சத்தம். திரும்பினால் கோமதிநாயகம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.

"மடங்கிட்டுக்கா. நீங்க போங்க. ரெண்டுல ஒண்ணாவது போய்ச் சேரட்டும்."

"ஏந்திரிடா!"

"முடியலக்கா. போங்க, நேரம் போவுது."

ஞானம்மா இன்னும் ஐந்து படி இறங்கினாள். வெளியே எல்லோரும் வரிசையில் சேருகிற சத்தம் கேட்டது. ஓடினால் இப்போதும் போய்விடலாம். ஆறு மாதம், தொடைப் புண், ஏரிக்கரை வெயில், எல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காக. கோமதிநாயகத்தின் மேல் வந்த ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இத்தனை நாளும் போயும் போயும் இந்த முறுக்குத் தின்னியை நம்பினேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் இவனைப் படியில் விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றால், உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் எண்ணிக்கையில் நிற்கிறவள் ஆகிவிடுவாள். டில்லிபாபு செய்ததும் அதைத்தானே? அவனைப் போல ஆவதற்கா நடந்தாள்?

திரும்பி ஏறினாள். அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். நூற்றுப் பத்துக் கிலோ தோளில் சாய்ந்தது. ஜூன் மாதமாக இருந்திருந்தால் இரண்டு பேரும் உருண்டிருப்பார்கள். இப்போது முழங்கால் நடுங்கியது, ஆனால் நின்றது.

"அடுத்த படியப் பாரு. கீழ பாக்காத. ஒண்ணொண்ணா வா."

கடைசிப் படிக்கு வரும்போது வெளியே கைதட்டல் கேட்டது. எல்லாம் முடிந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் ஞானம்மா வாசலைத் தாண்டினாள்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் முந்நூறு பேரும் கட்டடத்தைப் பார்த்து நின்றிருந்தார்கள். சேஃப்டி ஆபீசர் தணிகாசலம் மைக்கில், "லைன் த்ரீ, நாப்பத்திரண்டுக்கு நாப்பத்திரண்டு, மூணு நிமிஷம் நாப்பது செகண்ட். கட்டடத்துல யாரும் இல்ல. எல்லாரும் பத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டில்லிபாபு பிளான்ட் ஹெட் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டு போட்டோவுக்காக இந்தப் பக்கம் திரும்பினான். யாரும் இல்லாத கட்டடத்திலிருந்து இரண்டு பேர் தோளோடு தோளாக வெயிலில் வந்துகொண்டிருப்பதை முதலில் பார்த்தவன் அவன்தான்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஞானம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நேரத்தோடு போயிருந்தால் அவள் வெறும் ஒரு கூடுதல் ஆள். தலையைச் சொறிந்து ஏதாவது சொல்லித் தப்பியிருப்பான். இப்போது கையெழுத்தும் ஆகி, கைதட்டலும் ஆகிவிட்டது. அவளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதற்கப்புறம் அவள் அவசரப்படவே இல்லை. அந்த இருநூறு மீட்டரையும் ஒவ்வொரு அடியாக அனுபவித்து நடந்தாள். கைதட்டல் ஓய்ந்து, யாரோ இருமுகிற சத்தம் வரைக்கும் கேட்டது.

தணிகாசலம் மைக்கை இறக்கினார். "யாரும்மா நீங்க? எந்த லைன்?"

"லைன் த்ரீ சார். ரெண்டு பேரும்."

"சார், இவங்க வெளி டூட்டி சார்" என்று டில்லிபாபு முந்தினான். "யக்கா, நீ எப்ப வந்த? சொல்லுக்கா, இப்பதான வந்த?" என்று கண்ணால் கெஞ்சினான்.

"எந்த கேட்டு வழியா வந்தேன்னு செக்கூரிட்டிய கேளு சார். செப்டம்பர்லேருந்து நாங்க மாடில வேஸ்ட்டு ரூம்புலதான் கீறோம். மூணு வாட்டியும் நெருப்புல வெந்துட்டோம்."

ஆடிட்டர் அம்மா கையை நீட்டி டில்லிபாபுவிடமிருந்து லிஸ்டை வாங்கினார். அவனுடைய மறுகையில் கோப்பை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"சைரன் அடிச்சி ஒம்போது நிமிஷம் ஆவுது. ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்று கேட்டார் தணிகாசலம்.

"செத்துப்போனவங்க நடந்து வரணும்னா லேட்டாவும் சார்."

யாரும் சிரிக்கவில்லை. பிளான்ட் ஹெட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஆடிட்டர் அம்மா லிஸ்டில் எதையோ வட்டம் போட்டார். "மறுபடியும் எண்ணுங்க, முதல்லேருந்து. சூப்பர்வைசர் முன்னால வந்து நில்லுங்க" என்றார்.

டில்லிபாபு வரிசைக்கு முன்னால் வந்து நின்றான். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தது. இந்தமுறை யாரும் அவசரமாகக் கத்தவில்லை. ஆளாளுக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வந்தது. ஞானம்மா அவன் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல், "நாப்பத்தி மூணு" என்றாள். கேட்டுக்கு வெளியே ரோட்டில் போகிறவனுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்தது கோமதிநாயகம். வாயைத் திறந்தான், மூச்சுதான் வந்தது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். முந்நூறு பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். டில்லிபாபுவின் காதோரம் வேர்வை வழிந்தது, துடைக்கக் கை எழவில்லை.

ஞானம்மா கோமதிநாயகத்தின் முதுகில் கையை வைத்துத் தேய்த்துவிட்டாள்.

"மெதுவா மூச்சு வாங்கு தம்பி. ஒண்ணும் அவசரம் இல்ல. அவன் நிக்கட்டும்."